தொடக்கப்பள்ளியில் தினமும் பல் தேய்க்க வைப்பது: பிரஷ், பேஸ்ட், தண்ணீர், நேரம் (அங்கன்வாடி முதல் 3ஆம் வகுப்பு வரை)

தொடக்கப்பள்ளி_தருமபுரி

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 1 முதல் 3 வகுப்பு வரை சேர்த்து 30 பிள்ளைகள். அதே வளாகத்தில் அங்கன்வாடியும் இருக்கிறது. வருடம் ஒரு முறை பல் முகாம் நடக்கிறது. பெரிய பல் மாடலை வைத்துச் செய்து காட்டுகிறார்கள், ஆளுக்கு ஒரு பிரஷ் கொடுத்துப் போகிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் "காலையும் ராத்திரியும் தேய்க்கணும்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் சொத்தை அப்படியே இருக்கிறது.

வரும் ஜூன் முதல் பள்ளியிலேயே தினம் ஒரு வேளை தேய்க்க வைக்கலாம் என்று நினைக்கிறோம். என்ன வாங்க வேண்டும், எவ்வளவு, எந்த நேரம், பிரஷை எங்கே வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஒரு சின்டெக்ஸ் தொட்டி, இரண்டு குழாய்தான் உண்டு. இன்னொன்று, எங்கள் பக்கம் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ள பகுதி. பேஸ்ட் கொடுக்கலாமா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

---

குழந்தைப்பல்_மதுரை

சார், முகாமில் நீங்கள் பார்த்தது பொதுவாக எங்கும் நடப்பதுதான். பேச்சால் பிள்ளைகளின் அறிவு கூடும், கேள்விக்குப் பதில் சரியாக வரும். சொத்தை குறைவது ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் தினமும் பல்லில் படுவதால். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஃப்ளோரைடு பேஸ்ட் பயன்படுத்திய பிள்ளைகளுக்குச் சொத்தை சராசரியாக 24 சதவீதம் குறைவாக இருந்தது. பெரியவர் மேற்பார்வையில் தேய்த்த இடங்களில் பலன் இன்னும் கூடுதல். அதனால் பாடத்தை ஐந்து நிமிடத்தோடு முடித்துவிட்டு, தேய்க்க வைப்பதற்கு நேரம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் பேஸ்ட். நம் நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 1000 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. எவ்வளவு என்பதை ட்யூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். "சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் 0.76%" என்றிருந்தால் கிட்டத்தட்ட 1000 பிபிஎம். "சோடியம் ஃப்ளோரைடு 0.22%" என்றாலும் அதே அளவுதான். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. பிள்ளைகளுக்கென்று பழச் சுவையில் விற்பதில் சிலவற்றில் 500க்கும் குறைவு. அட்டையில் சிரிக்கிற கார்ட்டூனைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

அளவு: 3 வயதுக்குக் கீழ் ஓர் அரிசி அளவு. 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு, அதாவது சுமார் கால் கிராம். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் போடுகிறார்களே, அது இதைப் போல நாலைந்து மடங்கு.

உங்கள் கணக்கு: 30 பிள்ளை × 0.25 கிராம் = தினம் 7.5 கிராம். 220 பள்ளி நாளுக்கு 1650 கிராம். 100 கிராம் ட்யூப் 17 போதும்; சிந்துவதையும் சேர்த்து 20 வாங்குங்கள்.

பிரஷ்: தலைப்பகுதி 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம், மென்மையான நார், பிடி கொஞ்சம் தடிமன். 3 மாதத்துக்கு ஒன்று. தேதி நினைவில் வைக்கத் தேவையில்லை. பள்ளி திறக்கும் வாரம், காலாண்டு விடுமுறை முடிந்து வரும் நாள், அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் நாள் என்று மூன்று முறை மாற்றினால் சரியாக வரும். 90 பிரஷ், அதோடு தரையில் விழுவதற்கும் தொலைவதற்கும் பத்து.

---

கரும்பலகை

ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். காலை உணவு, மதிய உணவு, குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, செயலியில் பதிவு, எல்லாம் அதே இரண்டு ஆசிரியர் தலையில்தான். இதற்கு மேல் பல் தேய்ப்பதும் என்றால் எந்தப் பாட வேளையை வெட்டுவது? முதல் மாதம் உற்சாகமாக நடக்கும். ஆகஸ்டில் பிரஷ் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும். திட்டம் எழுதும்போதே இதற்கு வழி எழுதிவிடுங்கள்.

---

அங்கன்வாடி_அக்கா

கரும்பலகை சார் சொல்வது நியாயம். நின்றுபோகிற இடங்களில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: குழாயடிக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்புவது. இரண்டு குழாய், முப்பது பிள்ளை. தள்ளுமுள்ளு, சட்டை நனைவது, பிரஷ் மாறிப்போவது. 25 நிமிடம் ஓடிவிடும். அடுத்த வாரம் "நேரமில்லை" என்றாகிவிடும்.

உட்கார்ந்த இடத்திலேயே தேய்க்க வையுங்கள். தேய்க்கும்போது தண்ணீர் வேண்டியதில்லை. வரிசை இப்படி:

1. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருவர் பிரஷ் பலகையை எடுத்து வந்து பெயர் பார்த்துக் கொடுப்பார்கள். (1 நிமிடம்)

2. கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டில் ஆசிரியர் பேஸ்ட்டைப் பட்டாணிப் பட்டாணியாக, மூன்று விரல் இடைவெளி விட்டு வைப்பார். பிள்ளை தன் பிரஷால் ஒரு பொட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ட்யூபின் வாயை எந்த பிரஷிலும் தொட வைக்காதீர்கள். ஒரே ட்யூப் முப்பது பிரஷைத் தொட்டால் ஒருவர் எச்சில் எல்லாருக்கும் போகும்.

3. எண்ணிக்கொண்டே 2 நிமிடம் தேய்ப்பது.

4. வரிசைக்கு ஒரு பழைய பக்கெட், அடியில் மணல். அதில் துப்பிவிட்டு உட்கார வேண்டும். வாய் கொப்பளிக்கக் கூடாது. அந்த மணலைத் தினமும் கிணறு, குழாய், சமையல் இடம் இல்லாத பக்கம் புதைத்துவிட்டு வேறு மணல் போட வேண்டும்.

5. பிரஷ் கழுவ மட்டும் நாலு நாலு பேராகக் குழாய்க்கு. இல்லையென்றால் 5 லிட்டர் கேனில் மூடியருகே சிறு துளையிட்டுத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஒரு பிரஷுக்கு 100 மி.லி. வைத்தாலும் மொத்தம் 3 லிட்டர்தான்.

பழகிய பிறகு மொத்தம் 8 நிமிடத்தில் முடியும். முதல் இரண்டு வாரம் 20 நிமிடம் ஆகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

---

பிள்ளை_அம்மா_எஸ்எம்சி

கொப்பளிக்கக் கூடாதா? வீட்டில் நாங்கள் மூன்று தடவை கொப்பளிக்கச் சொல்லித்தானே பழக்குகிறோம். நுரையை விழுங்கிவிட்டால்?

---

குழந்தைப்பல்_மதுரை

அம்மா, பலருக்கும் வரும் சந்தேகம்தான். தேய்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லின் மேல் நிற்க வேண்டிய ஃப்ளோரைடும் போய்விடும். துப்பினால் போதும். வாயைச் சுற்றி ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

விழுங்குவது பற்றி: பட்டாணி அளவு, கால் கிராம் பேஸ்ட், 1000 பிபிஎம் என்றால் அதில் ஃப்ளோரைடு 0.25 மி.கி. முழுவதையும் ஒரு நாள் விழுங்கிவிட்டாலும் உடனடி ஆபத்து இல்லை. ட்யூப்தான் ஆபத்து. 100 கிராம் ட்யூபில் 100 மி.கி. ஃப்ளோரைடு. ஒரு கிலோ உடல் எடைக்கு 5 மி.கி. உள்ளே போனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அளவு. 15 கிலோ எடையுள்ள அங்கன்வாடிப் பிள்ளைக்கு அது 75 மி.கி.; முக்கால் ட்யூப். பழச் சுவைப் பேஸ்ட்டை மிட்டாய் மாதிரி பிதுக்கித் தின்கிற வயது அது. ட்யூப்கள் பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கைக்கே வரக் கூடாது.

---

இயற்கைவழி

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லி வைத்த ஊர் இது. பிளாஸ்டிக் பிரஷ் நூறு, பேஸ்ட் ட்யூப் இருபது, வருடா வருடம் குப்பை. வேப்பங்குச்சி எல்லாப் பள்ளி வாசலிலும் கிடைக்கும். அதை ஏன் யாரும் பேசுவதில்லை? தருமபுரியில் ஏற்கெனவே தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அங்கே போய் ஃப்ளோரைடு பேஸ்ட்டா?

---

குழந்தைப்பல்_மதுரை

இரண்டும் நல்ல கேள்வி, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

குச்சி: நுனியை மென்று நாராக்கி, பொறுமையாகப் பல்லுக்குப் பல் தேய்க்கத் தெரிந்த பெரியவருக்கு அழுக்கு எடுக்கும் வேலையைக் குச்சி செய்யும். ஐந்து வயதுப் பிள்ளையால் நார் பதமாக மெல்ல முடியாது. நுனி கடினமாகவே இருந்து ஈறைக் கிழிக்கும். கடைவாய்ப்பல்லின் மேல் பள்ளத்துக்கும் உள்பக்கத்துக்கும் நேரான குச்சி எட்டாது. பிள்ளைகளுக்குச் சொத்தை தொடங்குவதே பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான். வாயில் குச்சியோடு ஓடினால் தொண்டையில் குத்தும். பெரிய பிள்ளைகள் வீட்டில் பிரஷோடு கூடுதலாகப் பயன்படுத்தினால் தடுக்க வேண்டியதில்லை. சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள், உப்பு இவற்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். பல்லின் மேலுள்ள எனாமலை அரைத்துவிடும், தேய்ந்தது திரும்ப வளராது.

தருமபுரி: இங்கே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக வந்ததே இந்தக் காரணத்தால்தான். ஆனால் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், சத்துணவுக் கூடத்தில் சமையல் ஆழ்துளைக் கிணற்று நீரில் நடக்கிறதா என்று பாருங்கள். சோறும் சாம்பாரும் அந்தத் தண்ணீரை உறிஞ்சித்தான் தட்டுக்கு வருகிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தால் அளந்து சொல்வார்கள். தொட்டி, ஆழ்துளைக் கிணறு இரண்டிலும் தனித்தனிப் பாட்டிலில் எடுங்கள்.

பேஸ்ட் பொறுத்தவரை: ஃப்ளோரோசிஸ் என்ற பல் கறை வருவது நிரந்தரப் பல் தாடை எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது ஃப்ளோரைடு வயிற்றுக்குள் போவதால். முன்பற்களுக்கு முதல் 4 வயது வரைதான் முக்கியமான காலம். மற்ற பற்களையும் சேர்த்தால் 8 வயது வரை. பேஸ்ட் வேலை செய்வது பல்லின் வெளிப்பரப்பில். விழுங்காமல் துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பேஸ்ட்டால் உள்ளே போவது மிகக் குறைவு. அதனால் என் கருத்து: 2, 3ஆம் வகுப்புக்குப் பட்டாணி அளவு, தயங்க வேண்டாம். 1ஆம் வகுப்பில் துப்புவதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, பத்து எண்ணும் வரை வாயில் வைத்துத் துப்பச் சொல்லுங்கள். செய்கிறவர்களுக்குப் பட்டாணி, மற்றவர்களுக்கு அரிசி அளவு. அங்கன்வாடியில் தண்ணீரின் ஃப்ளோரைடு அளவு 1.5க்கு மேல் என்று வந்தால் 6 வயதுக்குக் கீழ் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டே கொடுக்கலாம் என்று சொல்லும் பல் மருத்துவர்களும் உண்டு. அந்த முடிவை ஆய்வக அறிக்கையோடு உங்கள் அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் கேட்டு எடுங்கள்.

---

மட்டக்களப்பு_பற்சிகிச்சை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்றே ஒரு பதவி இருக்கு. மகரகமையில் பயிற்சி. நியூசிலாந்தில் 1921இல் தொடங்கின பாடசாலைப் பல் தாதியர் முறையைப் பார்த்து, 1950களில் இங்கே கொண்டுவந்தது. பல பாடசாலைகளில் வளவுக்குள்ளேயே சிகிச்சை அறை இருக்கும். பிள்ளைக்குச் சூத்தை நிரப்புறது, பால்பல் பிடுங்குறது எல்லாம் அங்கேயே நடக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில ஆசிரியர் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

தரம் 1, 2 பிள்ளைகளில் ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைக் கவனியுங்கோ. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் வருது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைக்கினம். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய நிரந்தரப் பல். முளைச்சு வரும்போது மற்றப் பற்களைவிடப் பதிவாக, அதாவது உயரம் குறைவாக இருக்கும். பிரஷ் முன்னுக்குள்ள பல்லின் மேலே வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அதில் படாது. முழுதாக மேலே வர ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்கிடையில் சூத்தை பிடிச்சுவிடும். வழி என்னவென்றால், பிரஷை வாயின் பக்கவாட்டிலிருந்து குறுக்காக விட்டு அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேய்க்கப் பழக்க வேணும். "கடைசிப் பல் எங்கே, விரலால் தொட்டுக் காட்டு" என்று கை கழுவின பிறகு கேளுங்கோ. இடம் தெரிந்த பிள்ளை தேய்க்கும்.

---

அங்கன்வாடி_அக்கா

மட்டக்களப்புத் தோழி சொன்னதோடு தேய்க்கும் வரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் முன்பல்லை மட்டும் 20 நொடி தேய்த்து முடித்துவிடுவார்கள். அதனால் முன்பல்லில் தொடங்க விடாதீர்கள்.

வாயை நாலு மூலையாகப் பிரியுங்கள்: கீழ் வலது, கீழ் இடது, மேல் இடது, மேல் வலது. ஒவ்வொரு மூலையிலும் மெல்லும் பக்கம், வெளிப்பக்கம், உள்பக்கம் என மூன்று. மொத்தம் 12 இடம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை வகுப்பே சேர்ந்து நிதானமாக எண்ணினால் 120 நொடி. கடிகாரம் வேண்டாம், பாட்டு வேண்டாம். ஒன்றாம் வகுப்புக்கு எண்கள் பழகின மாதிரியும் ஆச்சு.

மெல்லும் பக்கம் முன்னும் பின்னும். வெளிப்பக்கம் பல்லைச் சேர்த்துக் கடித்துக்கொண்டு சின்னச் சின்ன வட்டம். உள்பக்கத்தில் பிரஷைச் செங்குத்தாகப் பிடித்து ஈறிலிருந்து பல் நுனிக்கு இழுப்பது. 45 டிகிரிச் சாய்வு, அதிர்வு என்றெல்லாம் பெரியவர்களுக்குச் சொல்லும் முறை இந்த வயதில் கைக்கு வராது. வலது கைப் பிள்ளைக்கு வலது கோரைப்பல் பக்கம் விட்டுப்போகும், மணிக்கட்டைத் திருப்புகிற இடம் அது. எண்ணும்போது அங்கே ஒருமுறை "வலது மூலை!" என்று குரல் கொடுங்கள்.

7, 8 வயது வரை பிள்ளையால் தனியாகச் சுத்தமாகத் தேய்க்க முடியாது. பள்ளியில் தேய்ப்பது பழக்கத்துக்கும் பேஸ்ட் படுவதற்கும். ராத்திரி வீட்டில் பெரியவர் ஒருவர் பின்னால் நின்று, பிள்ளையின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்து, ஒரு கையால் தாடையைப் பிடித்துத் தேய்த்துவிட வேண்டும். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும். அதனால் ராத்திரி தேய்ப்புக்குத்தான் முதலிடம்.

---

கரும்பலகை

நேரம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. காலை உணவு முடிந்ததுமா, மதியமா?

---

தொடக்கப்பள்ளி_தருமபுரி

நாங்கள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் என்று நினைத்திருந்தோம். தட்டுக் கழுவப் போகிறார்கள், அதோடு சேர்ந்து நடந்துவிடும் என்று.

---

அங்கன்வாடி_அக்கா

மதியம் வேண்டாம் சார். தட்டுக் கழுவும் நேரத்தில்தான் குழாயடியில் கூட்டம். சாப்பிட்டதும் பாதிப் பேர் விளையாடப் போய்விடுவார்கள், ஆசிரியரும் அப்போதுதான் சாப்பிடுவார். புளிசாதம், எலுமிச்சைச் சாதம் என்றால் சாப்பிட்ட உடனே தேய்ப்பதும் நல்லதில்லை, அரை மணி நேரம் விட வேண்டும். காலை உணவு முடிந்து, வருகைப் பதிவு எடுக்கும் நேரம் சரியாக இருக்கும். எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் இருப்பார்கள். ஆசிரியர் பெயர் கூப்பிடும்போதே பெரிய பிள்ளைகள் பிரஷ் கொடுத்துவிடலாம். தனிப் பாடவேளை வெட்ட வேண்டியதில்லை.

எந்த நேரம் என்பதைவிட அது தினமும் ஒரே நேரமாக இருப்பது முக்கியம். "நேரம் கிடைத்தால்" என்று வைத்தால் நடக்காது.

---

பிள்ளை_அம்மா_எஸ்எம்சி

பிரஷை எங்கே வைப்பது? ஒரே டப்பாவில் எல்லாருடைய பிரஷையும் போட்டு வைத்தால் நோய் பரவாதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

---

குழந்தைப்பல்_மதுரை

அவர்கள் பயம் சரியானது. இந்த ஏற்பாட்டில் சறுக்கினால் மொத்தத் திட்டத்தையும் நிறுத்த வேண்டிவரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டம்ளரில் கொத்தாக நிற்க வைப்பது, ஒரே டப்பாவில் படுக்க வைப்பது இரண்டும் கூடாது. நார்கள் ஒன்றோடொன்று உரசும். ஈறில் ரத்தம் கசியும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள், ரத்தம் வழியாகப் பரவும் நோய்களும் உண்டு. அரை அங்குல மரப்பலகை அல்லது பிவிசி பட்டையில் 5 செ.மீ. இடைவெளியில் துளை போட்டு, பிடி கீழே, நார் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். தச்சரிடம் சொன்னால் அரை நாள் வேலை. துளை பிடியைத் தாங்க வேண்டும், தலை உள்ளே போகும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. அடிப்பலகையில் தண்ணீர் தேங்காதபடி அதிலும் துளை வேண்டும்.

காற்று வேண்டும், ஈயும் பல்லியும் கரப்பானும் வரக் கூடாது. கொசுவலைத் துணியை முன்னால் திரை மாதிரி தைத்துத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டு விற்கும் பிரஷ்களில் மூடியை எறிந்துவிடுங்கள். ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். கழிப்பறைச் சுவரில் மாட்டாதீர்கள். எறும்பு வந்தால் பேஸ்ட் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம், கழுவுவதைக் கவனியுங்கள்.

பெயர்: எழுத்துப் படிக்காத பிள்ளைக்குப் படம். மாங்காய், மீன், குடை என்று ஆளுக்கு ஒன்று. பிரஷிலும் துளையின் அருகிலும் அதே படம். நிறத்தை மட்டும் நம்பினால் மாறிவிடும், ஒரே நிறத்தில் பத்து பிரஷ் வரும். காகித ஒட்டி நனைந்து உரியும். பெர்மனென்ட் மார்க்கரில் வரைந்து அதன் மேல் செல்லோடேப் சுற்றுங்கள்.

தரையில் விழுந்தது, இன்னொரு பிள்ளை வாயில் வைத்தது: எறிந்துவிட்டுப் புதிது. எல்லா பிரஷையும் ஒரே வாளி டெட்டாலில் ஊற வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம், ஒன்றில் இருப்பதை எல்லாவற்றுக்கும் கொண்டுபோகும். அம்மை, வாய்ப்புண், கை கால் வாய்ப் புண் நோய் வந்த பிள்ளை குணமாகித் திரும்பும்போது புதிய பிரஷ் கொடுங்கள்.

நார் இரண்டு வாரத்திலேயே விரிந்துபோனால் அந்தப் பிள்ளை பிரஷை மெல்லுகிறது. திட்டாமல், கையைப் பிடித்து ஒரு வாரம் உடன் தேய்த்துக் காட்டினால் மாறிவிடும்.

---

இயற்கைவழி

குச்சி பற்றிய விளக்கத்துக்கு நன்றி டாக்டர், ஏற்கிறேன். ஆனால் இனிப்பு பற்றி யாருமே பேசவில்லையே. பள்ளி வாசல் கடையில் ஜவ்வு மிட்டாய், தேன் மிட்டாய், பாக்கெட் ஜூஸ் விற்கும் வரை தேய்த்து என்ன பயன்?

---

குழந்தைப்பல்_மதுரை

உண்மைதான், பாதிப் பங்கு அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை வாய்க்கு வந்ததும் கிருமிகள் அதை அமிலமாக்கும். பல்லின் மேல் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எனவே எவ்வளவு தின்றது என்பதோடு எத்தனை தடவை தின்றது என்பதும் முக்கியம். ஒரே தடவையில் மூன்று மிட்டாய் தின்பதைவிட, அதே மூன்றை இடைவேளை, மதியம், மாலை என்று பிரித்துத் தின்பது பல்லுக்குக் கெடுதல். ஜவ்வு மிட்டாய், க்ரீம் பிஸ்கட் இரண்டும் கடைவாய்ப் பள்ளத்தில் ஒட்டி நிற்கும். பிஸ்கட்டைப் பலர் இனிப்பாகவே கருதுவதில்லை.

பள்ளியால் முடிந்தது: பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தைக் கடலை உருண்டைக்கு மாற்றினாலும் அதில் வெல்லம் இருக்கிறது. வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வாழைப்பழம் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மதிய உணவோடு சேர்த்து இனிப்பைக் கொடுத்து முடித்துவிடுங்கள். சரியாகப் பதில் சொன்னால் சாக்லேட் தரும் பழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும். வாசல் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவருக்கு அதுதான் பிழைப்பு. சுண்டலும் மாங்காயும் விற்கச் சொல்லி மேலாண்மைக் குழு பேசிப் பார்க்கலாம்.

---

மட்டக்களப்பு_பற்சிகிச்சை

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். "சாக்லேட் தின்றால் டொக்டர் ஊசி போடுவார், பல்லைப் பிடுங்குவார்" என்று பிள்ளையைப் பயமுறுத்தாதேங்கோ. கறுத்து உடைஞ்ச பல்லின் படத்தைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். பயந்த பிள்ளை நோவு வந்தாலும் சொல்லாது. வீங்கின பிறகுதான் கொண்டுவருவினம், அப்போது நிரப்புற கட்டம் தாண்டியிருக்கும்.

---

தொடக்கப்பள்ளி_தருமபுரி

எல்லாருக்கும் நன்றி. ஏற்கெனவே சொத்தை உள்ள பிள்ளைகளை என்ன செய்வது? பெற்றோரிடம் சொன்னால் "பால்பல்தானே சார், விழுந்திடும்" என்கிறார்கள். இது பலன் தருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லுங்கள்.

---

குழந்தைப்பல்_மதுரை

பால்பல் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். 4 வயதில் அதில் சொத்தை வந்தால் இன்னும் ஆறு வருடம் அந்தப் பல்லால்தான் மெல்ல வேண்டும். சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும். இதைச் சொல்லும்போது பெற்றோரிடம் அவர்கள் பிள்ளையின் வாயையே காட்டுங்கள். மேல் உதட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ஈறை ஒட்டி மங்கலான சுண்ணாம்பு நிறக் கோடு இருந்தால் அது சொத்தையின் தொடக்கம், அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடால் நிறுத்த முடியும். உங்கள் பகுதியில் ஃப்ளோரோசிஸோடு குழம்பும்: ஃப்ளோரோசிஸ் இடது வலது இரு பக்கமும் ஒரே மாதிரி, பல் முழுக்கக் கோடு கோடாகவோ திட்டாகவோ இருக்கும், பெரும்பாலும் நிரந்தரப் பல்லில். சொத்தையின் கோடு ஈறோரம் மட்டும்.

ஆசிரியர் பிள்ளையின் வாயில் கை வைக்க வேண்டாம். "ஈ" என்று ஒரு முறை, "ஆ" என்று ஒரு முறை காட்டச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். முகம் வீங்கி காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனை. ஈறில் சீழ்க் கொப்புளம், ராத்திரி வலி என்றால் அந்த வாரத்துக்குள். வலியில்லாத ஓட்டை என்றால் ஒரு மாதத்துக்குள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அங்கன்வாடிக்கு இரண்டு முறை வர வேண்டும்; அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல்லும் உண்டு. அவர்கள் வரும் நாளில் உங்கள் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள், பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள்.

ஊசி, டிரில் இல்லாமல் சொத்தையை நிறுத்த சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற மருந்து இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பல் மருத்துவர் ஒரு சொட்டுத் தடவுவார். அழுகிய பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சொல்லாமல் தடவினால் ஊரே எதிர்த்து நிற்கும்.

பலன் பார்க்க: சொத்தை குறைந்ததா என்பது இரண்டு வருடத்துக்கு முன் தெரியாது. அதுவரை மூன்றை எண்ணுங்கள். மாதத்தில் எத்தனை பள்ளி நாள் உண்மையில் தேய்த்தார்கள் (கரும்பலகை ஓரத்தில் தினம் ஒரு டிக் போதும்). எத்தனை ட்யூப் தீர்ந்தது. மாதம் ஒன்றரை முதல் இரண்டு ட்யூப் ஆகாவிட்டால் தேய்ப்பு நடக்கவில்லை, நான்கு ஆனால் அளவு மீறுகிறது. பருவத்துக்கு ஒரு முறை பத்துப் பிள்ளைகளுக்கு, தேய்த்த பிறகு அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரை கொடுத்துக் கண்ணாடியில் பார்க்க வையுங்கள். சட்டையில் கறை படும், மாலையில் செய்யுங்கள்.

---

கரும்பலகை

எட்டு நிமிடம், வருகைப் பதிவு நேரத்தில், பெரிய பிள்ளைகள் உதவியோடு என்றால் முயன்று பார்க்கலாம். பேஸ்ட்டும் பிரஷும் யார் வாங்குவது என்பது மட்டும் ஜூனுக்கு முன் மேலாண்மைக் குழுத் தீர்மானமாக எழுத்தில் இருக்கட்டும். ஆசிரியர் கைக்காசில் தொடங்கினால் காலாண்டோடு நின்றுவிடும். பிலிப்பைன்ஸில் பள்ளிக் கல்வித் துறையே கை கழுவுதல், பல் தேய்த்தல், ஆண்டுக்கு இரு முறை குடற்புழு மாத்திரை மூன்றையும் ஒரே திட்டமாக்கியதாகப் படித்தேன். ஸ்காட்லாந்தில் சைல்ட்ஸ்மைல் என்று மழலையர் பள்ளிகளில் நடப்பதற்கும் அரசே பிரஷ், பேஸ்ட் கொடுக்கிறது. நம் இடத்திலும் கடைசியில் அது துறையின் பொறுப்பாக வேண்டும்.

---

பிள்ளை_அம்மா_எஸ்எம்சி

சார், தீர்மானத்துக்குள் பிரஷ் 100, பேஸ்ட் 100 கிராம் 20, பலகை 1, கொசுவலை, கேன் 1, மார்க்கர் 2 என்று எழுதிக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் கைத் தசை இறுகிப்போன பிள்ளை ஒருவன் இருக்கிறான். பிரஷைப் பிடிக்க வராது. அவனை விட்டுவிடக் கூடாது.

---

அங்கன்வாடி_அக்கா

விடவே வேண்டாம் அம்மா. சைக்கிள் கைப்பிடி ரப்பர் ஒன்றை வாங்கி பிரஷின் பிடியில் மாட்டுங்கள்; உள்ளே துணி திணித்தால் ஆடாது. பிடி தடித்தால் விரல் முழுக்க மூட முடியாத பிள்ளையும் பிடிக்கும். நழுவினால் மணிக்கட்டோடு சேர்த்து அகலமான எலாஸ்டிக் பட்டை. தலை ஆடுகிற பிள்ளை என்றால் சுவரில் சாய்ந்து உட்கார வையுங்கள், தலையைப் பின்னால் தொங்கவிட்டு ஒருபோதும் தேய்க்காதீர்கள், புரையேறும். பேஸ்ட் அரிசி அளவு. துப்ப வராவிட்டால் ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைத்து எடுத்துவிடலாம். வாரம் ஒரு முறை ரப்பரைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள், உள்ளே ஈரம் தங்கும்.